வெறுங்கையா, நாலு தோட்டாவா: எந்த ஹாரர் கேம் நிஜமாகவே பயமுறுத்துகிறது?

ஹாரர் கேம் ஆடுகிறவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஆயுதமே இல்லாமல் ஓடி ஒளிவதுதான் பயம் என்பது ஒன்று. துப்பாக்கி இருக்கட்டும், ஆனால் தோட்டா எண்ணித்தான் கிடைக்கணும் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி.

வெறுங்கைக்கு 2013-ல் வந்த அவுட்லாஸ்டை எடுத்துக்கொள்வோம். மனநலக் காப்பகம், கையில் ஒரு வீடியோ கேமரா, இருட்டில் பார்க்க அதன் நைட் விஷன், அதற்கான பேட்டரியோ தீர்ந்துகொண்டே இருக்கும். முதல் ஒரு மணி நேரம் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அப்புறம் ஒருவன் துரத்துகிறான், பிடிபட்டுச் சாகிறோம், மறுபடி அதே நடைபாதை. மூன்றாவது தடவைக்குள் எந்தக் கதவு திறக்கும், எந்தக் கட்டிலுக்கு அடியில் புகலாம் என்று மனப்பாடமாகிவிடுகிறது. ஓடுவதைத் தவிர வேறு வழியே இல்லாதபோது முடிவெடுக்கவும் எதுவும் இல்லை, அந்த இடத்தில் பயம் போய் எரிச்சல் வந்துவிடுகிறது.

இதே வெறுங்கை 2010-ன் அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்டில் எடுபடுவதற்குக் காரணம் உண்டு. அங்கே இருட்டில் நின்றால் ஒளிந்துகொள்ளலாம், ஆனால் புத்தி பேதலிக்கும். விளக்கை ஏற்றினால் மனம் தெளியும், ஆனால் பூதத்தின் கண்ணில் படுவோம், எண்ணெயும் தீரும். பூதத்தை உற்றுப் பார்த்தாலே மனநிலை சரியும் என்பதால், அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளக்கூட ஒரு விலை இருக்கிறது. ஆயுதம் இல்லையே தவிர, ஒவ்வொரு நொடியும் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தோட்டாக் கட்சிக்கு 1996-ன் முதல் ரெசிடென்ட் ஈவில் போதும். அதில் ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும் காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது திடுக்கிடல், அவ்வளவுதான், இரண்டாவது தடவை ஆடும்போது காத்திருந்து சுட்டுவிடலாம். எனக்குப் பயம் வந்தது வேறு இடத்தில். குறுகலான வழியில் ஒரு ஜாம்பி நிற்கிறது, இந்த வழியாகத் திரும்பவும் நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும், இப்போதே சுட்டுத் தோட்டாவைச் செலவழிப்பதா, ஒவ்வொரு தடவையும் கடிபடும் ஆபத்தோடு ஒதுங்கிப் போவதா? கேமைச் சேமிக்கவே டைப்ரைட்டர் ரிப்பன் வேண்டும், அதுவும் கைக்கு அளவாகத்தான் கிடைக்கும். கேமரா ஒரே கோணத்தில் நிற்பதால், முனைக்கு அப்பால் முனகல் கேட்கும், ஆள் தெரியாது. 2017-ல் ஏழாவது பாகம் நம் கண் வழியாகவே பார்க்க வைத்தது, அதுவும் நல்ல பயம்தான், ஆனால் பார்வையையே நம்மிடமிருந்து பறித்துக்கொண்ட அந்தப் பழைய கோணம் எனக்கு ஒரு படி மேல்.

எதிர்பாராமல் வருவதா, வரப்போவது தெரிந்தே காத்திருப்பதா என்று கேட்டால், இரண்டாவதுதான் கொடியது. 1999-ன் சைலன்ட் ஹில்லில் பூதம் பக்கத்தில் வந்தால் கையிலிருக்கும் ரேடியோ இரையத் தொடங்கும். முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது, ஆனாலும் எந்தத் திசை என்று சொல்லாது. சுற்றிலும் இருக்கும் மூடுபனி, தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைய அன்றைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பு போதாததை மறைக்கப் பயன்பட்டது, ஆனால் அந்தப் பனி இல்லாத சைலன்ட் ஹில்லை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டு கட்சியையும் ஒன்றாக உட்கார வைத்தது 2014-ன் ஏலியன்: ஐசோலேஷன். கையில் ரிவால்வர் உண்டு, ஆனால் நம்மைத் தேடி அலையும் வேற்றுக்கிரக ஜந்துவை அதனால் கொல்ல முடியாது, சத்தம் கேட்டு அது வந்து நிற்கும். தீ உமிழும் கருவி கிடைத்தால் விரட்டலாம், ஆனால் அடிக்கடி பயன்படுத்தினால் அதற்கும் பழகிவிடுகிறது. இதன் மூளையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரிந்த ஒரு பாதி, உடம்பை நடத்தும் மறுபாதிக்கு உத்தேசமான இடத்தை மட்டும் அவ்வப்போது சொல்லும். மற்றபடி அது நம்மைப் பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் மனப்பாடம் இங்கே உதவாது. போன தடவை தப்பித்த அறைக்கே இந்தத் தடவை நேராக வந்துவிடலாம். நடமாட்டத்தைக் காட்டும் கருவியைக் கையில் எடுத்தால் அதன் பீப் சத்தமே, ஜந்து பக்கத்தில் இருந்தால், நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹெட்போன் மாட்டி, விளக்கை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். சேமிக்கும் கருவியில் அட்டையைச் செருகியதும் மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும், அதற்குச் சில நொடிகள் ஆகும், அந்த நேரத்திலும் கேம் நிற்காது. இரண்டாவது விளக்கு எரியும்போது எனக்குப் பின்னால் கூரைக் குழாயிலிருந்து ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது. அட்டையை உருவிக்கொண்டு ஓடுவதா, மூன்றாவது விளக்குக்காக நிற்பதா? நான் நின்றேன்.