ரிமினியில் ஒரு மூன்று நட்சத்திர விடுதி: ரூமை விடுங்கள், மற்றதைப் பாருங்கள்

ரூம் சுமார்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரூமை வைத்து மார்க் போடுகிறவர்களுக்கு இந்த விடுதி பிடிக்காது. ஒரு பெட்டியும் இரண்டு ஆட்களும் ஏறினால் நிறைந்துவிடும் லிஃப்ட். பழைய காலத்து டைல்ஸ். பால்கனியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், துணி உலர்த்த ஒரு மடக்குக் கம்பி. டிவி இருக்கிறது, அதில் வருவதெல்லாம் இத்தாலிய மொழி. ஆனாலும் அம்மா, கணவர், மகன் என்று மூன்று விதமான ஆட்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால், மறுபடியும் இங்கேதான் போவேன்.

இடம் இத்தாலியின் ரிமினி நகரின் வடக்குப் பகுதியான விசெர்பா. பொலோஞாவில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஏட்ரியாட்டிக் கடல்தான் பக்கம். ரிமினி வரை ஒரு ரயில், அங்கிருந்து ரவென்னா பாதையில் ஓடும் சின்ன ரயிலில் விசெர்பா ஸ்டேஷன். இறங்கினால் விடுதிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். டாக்சி தேவையில்லை. காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள். பரிசோதகர் வந்தால் 'தெரியாது' என்ற பதில் எடுபடாது.

இந்த ஊரில் கடல் குளியல் ஒரு தொழிலாகவே 1843-ல் தொடங்கியது. அந்த ஆண்டுதான் முதல் குளியல் நிலையத்தைத் திறந்தார்கள். பெரிய பணக்காரர்களுக்கு 1908-ல் கிராண்ட் ஹோட்டல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தரைமட்டமான நகரம் மறுபடி எழுந்தபோது, கடலோரமாக நூற்றுக்கணக்கில் முளைத்தவை குடும்ப விடுதிகள். வீட்டுக்காரர்களே சமைத்து, வீட்டுக்காரர்களே பரிமாறும் இடங்கள். நாங்கள் தங்கியதும் அந்த ரகம். பாட்டி சமையலறையில், மருமகன் ரிசெப்ஷனில், பேத்தி ஓடி ஓடித் தட்டு எடுப்பாள். ரூமுக்கு இவர்கள் ஏன் அதிகம் செலவழிக்கவில்லை என்று முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே புரிந்துவிடும்.

எப்போது போவது? ஜூன் முதல் பாதி அல்லது செப்டம்பர் முதல் பாதி. இத்தாலி முழுக்க ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி விடுமுறைக்குக் கிளம்பிவிடும், அதைச் சுற்றிய இரண்டு வாரமும் விலை ஏறி நிற்கும். பல விடுதிகள் ஒரு வாரத்துக்குக் குறைந்தால் ரூமே தரமாட்டார்கள். கோடையில் ஒரு வார இறுதியில் 'நோத்தே ரோசா' என்று கடற்கரை முழுவதும் இளஞ்சிவப்பு விளக்குப் போட்டு விடிய விடியப் பாட்டும் கச்சேரியும் நடக்கும், 2006-லிருந்து நடந்துவருகிறது. இளவட்டங்களுக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். குளிர்காலத்தில் இந்தக் கடலோர விடுதி வரிசையில் பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும்.

இனி முக்கியமான விஷயம், பதிவு செய்வது. புக்கிங் தளத்தில் காட்டும் விலையை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரிச் சின்ன விடுதிக்கு நேரடியாக ஒரு மெயில் போட்டுக் கேட்டால் மொத்தச் செலவும் தெரியும், பல சமயம் குறைத்தும் தருவார்கள். இத்தாலிய மொழியில் நாலு வரி எழுதினால் பதில் சீக்கிரம் வருகிறது, மொழிபெயர்ப்பு ஆப் போதும். பெரியவர்கள் எத்தனை பேர், பிள்ளையின் வயது என்ன, எந்தத் தேதி என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையின் வயதைப் பொறுத்துக் கட்டணம் பாதியாகவும் குறையும், சில வயதுக்குச் சும்மாவும் விடுவார்கள்.

அப்புறம் சாப்பாடு. காலை உணவு மட்டும் ஒரு விலை, காலையும் இரவும் சேர்ந்த 'மெத்சா பென்சியோனே' ஒரு விலை, மூன்று வேளையும் சேர்ந்த 'பென்சியோனே கொம்ப்ளேத்தா' ஒரு விலை. கட்டணம் ரூமுக்கு இல்லை, தலைக்கு. இதை என் கணவர் ரூமுக்கு என்று நினைத்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார், பெரியவர்கள் மூவருக்கும் பெருக்கியதும் அமைதியாகிவிட்டார். மூன்று வேளையும் வேண்டாம் என்பது என் கட்சி. மத்தியானம் மணலை உதறிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்து உட்கார வேண்டும் என்றால் அது விடுமுறை இல்லை, ஹாஸ்டல். இரண்டு வேளைதான் சரி.

அந்த மெயிலிலேயே குடிக்கிற தண்ணீரும் சேர்த்தியா என்று கேளுங்கள். 'பெவாந்தே எஸ்க்லூசே' என்று பதில் வந்தால் தண்ணீர் பாட்டிலுக்கும் கடைசியில் பில் வரும். ஏசிக்குத் தனிக் காசா என்றும் கேளுங்கள். எங்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனியாகப் போட்டார்கள், அதை மெயிலில் சொல்லவில்லை, சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்தது. இந்த விடுதியின் மேல் எனக்கிருக்கும் ஒரே உண்மையான கோபம் இதுதான். சுற்றுலா வரியை யாரும் விலையில் சேர்த்துச் சொல்வதில்லை. நட்சத்திரத்தைப் பொறுத்து, தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நகராட்சிக்குப் போகிற பணம் அது. சின்னப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கிளம்பும்போது தனியாக வாங்கி ரசீது தருவார்கள்.

முன்பணம் கேட்பார்கள், வங்கி வழியாக அனுப்பச் சொல்வார்கள். அதை எந்த வகை முன்பணமாக வாங்குகிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. 'கப்பாரா கொன்ஃபிர்மத்தோரியா' என்றால் இத்தாலியச் சிவில் சட்டத்தின் 1385-ஆம் பிரிவு வந்துவிடும்: நீங்கள் பின்வாங்கினால் பணம் அவர்களுக்கு, அவர்கள் பின்வாங்கினால் இரண்டு மடங்கு உங்களுக்கு. வெறும் 'அக்கொந்தோ' என்றால் அது விலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தங்குமிடச் சான்று காட்டியாக வேண்டும். விசா கைக்கு வருவதற்கு முன் கப்பாரா கட்டிவிடாதீர்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவை வைத்து விண்ணப்பியுங்கள், விசா வந்த பிறகு விடுதிக்கு மெயில் போட்டு நேரடி விலை பேசிக்கொள்ளலாம். அம்மாவுக்கு அப்படித்தான் செய்தோம். விசாக் கட்டணமே பெரியவர்களுக்கு 90 யூரோ ஆகிவிட்டது, 2024 ஜூனிலிருந்து. அதற்கு மேல் ரிஸ்க் எதற்கு?

பாஸ்போர்ட்டை எல்லோரும் எடுத்துப் போக வேண்டும், குழந்தைக்கும்தான். தங்குகிறவர்களின் விவரத்தை விடுதிக்காரர் போலீசுக்கு இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். ரிசெப்ஷனில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பயப்பட வேண்டாம், அரை மணியில் திரும்பக் கிடைக்கும்.

சாப்பாட்டுக் கூடத்தில் உங்களுக்கென்று ஒரு மேசை, கடைசி நாள் வரை அதே மேசை. முதல் நாள் குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் ரூம் எண் எழுதிய சீட்டு மாட்டி, மறுநாள் அதே இடத்தில் வைத்திருப்பார்கள். ஒயின் பாட்டிலுக்கும் அதே மரியாதை. காலை உணவின்போது ஒரு துண்டுச் சீட்டு வரும், ராத்திரிக்கு முதலில் வரும் பாஸ்தா, சூப் வகையில் எது, அடுத்து வரும் இறைச்சி, மீன் வகையில் எது என்று டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு. எட்டே காலுக்குப் போய் நின்றால் பேத்தி சிரித்துக்கொண்டே வருவாள், பாட்டி சிரிக்கமாட்டார்.

அம்மா சுத்த சைவம். முட்டைகூட இல்லை. இதை மெயிலில் 'சைவம்' என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் இவர்கள் கணக்கில் பல சமயம் இறைச்சியில் சேராது. 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், இறைச்சி வேகவைத்த தண்ணீரும் வேண்டாம்' என்று வரிசையாக எழுதினேன். அந்தக் கடைசி வரி முக்கியம். இந்தப் பக்கத்தின் பெருமைக்குரிய 'பஸ்ஸதெல்லி' என்ற தடித்த இடியாப்பம் மாதிரியான பாஸ்தா ஒரு சூப்பில் மிதந்து வரும், அந்த சூப் பெரும்பாலும் இறைச்சியில் செய்தது, பஸ்ஸதெல்லி மாவில் முட்டையும் உண்டு. புதிதாக உருட்டிய பாஸ்தாவிலும் முட்டை இருக்கும். காய்ந்த ரகப் பாஸ்தாவில் பொதுவாக இருக்காது. பாட்டி அம்மாவுக்கென்று தக்காளிச் சாறில் காய்ந்த பாஸ்தா, சுட்ட கத்தரிக்காய், அவரைவிதை, கூடத்தின் நடுவில் அடுக்கிவைத்த காய்கறித் தட்டுகள் என்று ஒப்பேற்றினார். மூன்றாம் நாள் 'கொஞ்சம் காரம் இருந்தால் நல்லது' என்று அம்மா என் காதில் சொல்ல, நான் மிளகாய் எண்ணெய் கேட்க, அதற்குப் பிறகு அந்தப் பாட்டிலும் எங்கள் மேசையிலேயே குடியிருந்தது.

தெருவில் கிடைக்கும் பியாதீனாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சப்பாத்திக்கு அண்ணன் மாதிரி இருக்கும் மைதா ரொட்டி, ரிமினிப் பக்கம் கொஞ்சம் மெலிதாக, அகலமாகப் போடுவார்கள். நடுவில் ஸ்க்வாக்கெரோனே என்கிற இளகிய பாலாடைக்கட்டியும் ருகோலாக் கீரையும் வைத்துத் தருவார்கள், அருமை. ஆனால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் கிடைக்கும். 'சென்சா ஸ்த்ருத்தோ' என்று கேட்டு வாங்குங்கள், அசைவக்காரர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

கடற்கரையில் ஒரு விஷயம் புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். மணல் முழுக்க வரிசை வரிசையாகக் குடை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எண், ஒரு நிறம், ஒரு முதலாளி. குடையும் இரண்டு சாய்வுக் கட்டிலும் நாள் வாடகைக்கு. கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு அதிக விலை, பின்னால் போகப் போகக் குறையும். நிறைய விடுதிகள் ஒரு குடைக்காரரோடு ஒப்பந்தம் வைத்திருக்கும், நம்முடையது உட்பட. விடுதி விலையிலேயே குடை சேர்த்தியா, தள்ளுபடி மட்டுமா என்பதை மெயிலிலேயே கேளுங்கள், ஒரு வாரத்தில் வித்தியாசம் நூறு யூரோவைத் தாண்டிவிடும். எங்களுக்கு மூன்றாவது வரிசையில் ஒரு குடை சேர்த்தியாகவே கிடைத்தது. காசு கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு 'ஸ்பியாஜ்ஜா லிபெரா' என்ற பொதுத் துண்டுகள் அங்கங்கே உண்டு, சொந்தக் குடையோடு போகலாம். அலை வந்து தொடும் ஓரத்தில் நடக்க யாரும் தடை சொல்ல முடியாது, அது எல்லோருக்கும் பொது. அங்கே துண்டு விரித்து உட்கார மட்டும் விடமாட்டார்கள்.

விசெர்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே கடல்தான். கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரத்தில் பாறைகளைப் போட்டு அலையை உடைத்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் குளம்போல, மகன் இடுப்பளவில் நின்று வெகுதூரம் நடந்தான். நீச்சல்காரர்களுக்கு அலுப்பு, அவர்கள் நகரத்தின் தெற்குப் பக்கம் போகட்டும். தண்ணீர் ஆல்ப்ஸ் பக்கத்து ஏரிபோலக் கண்ணாடியாக இருக்காது, மணல் கலங்கி இருக்கும். படத்தில் வரும் நீலத்தைத் தேடுகிறவர்கள் சார்தீனியாத் தீவுக்கு டிக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.

ரூமுக்குத் திரும்பினால் சொல்ல இரண்டு நல்ல விஷயம் இருக்கிறது. குளியலறையில் பிதே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தாழ்ந்த தொட்டி உண்டு. இத்தாலியில் 1975-லிருந்து வீட்டுக்கு ஒரு பிதே கட்டாயம், விடுதிகளிலும் இல்லாத இடம் அபூர்வம். ஐரோப்பாவில் காகிதத்தோடு மல்லுக்கட்டி அலுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இன்னொன்று, வெளிச்சம் ஊசிமுனையளவும் நுழையாத சுருட்டு ஷட்டர். மத்தியானம் அம்மா அதை இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினார். ஷவருக்குப் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும், துணி போடுவதற்கு இல்லை, அவசர மணி. மகனிடம் வந்தவுடனேயே சொல்லிவையுங்கள்.

கெட்டது என்று பார்த்தால், தண்டவாளப் பக்கத்து ரூம் எடுக்காதீர்கள். ரயில் ஓடும், ஸ்டேஷன் அறிவிப்பும் கேட்கும். 'பக்கவாட்டில் கடல் தெரியும்' என்ற விளம்பரத்துக்கு அர்த்தம், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடத்துக்கு நடுவில் நீலமாக ஒரு கோடு தெரியும் என்பது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், கடலுக்கு இரண்டு நிமிட நடைதான்.

விடுதியில் சைக்கிள் சும்மா தருகிறார்கள். நாங்கள் ரிமினி நகரத்துக்கு அதிலேயே போனோம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தொடங்கி, அடுத்த பேரரசர் திபேரியுஸ் காலத்தில், கி.பி. 21-ல் முடிந்த கல்பாலம் இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டினால் சான் ஜூலியானோ, இந்த ஊரில் பிறந்த திரைப்பட இயக்குநர் ஃபெல்லினியின் உலகத்தைச் சுவரெல்லாம் வரைந்து வைத்திருக்கும் தெருக்கள். மகனுக்கு விசெர்பாவிலேயே 'இத்தாலியா இன் மினியத்தூரா', 1970-லிருந்து இருக்கும் பொம்மை இத்தாலிப் பூங்கா. பாதி நாள் அதற்கே போய்விடும். சான் மரீனோ என்ற குட்டி நாட்டுக்கு ரிமினி ஸ்டேஷன் எதிரிலிருந்து பஸ். அந்தச் சாலையில்தான் 1944 போரில் இறந்த கூர்க்கா, இந்தியச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 600 பேருக்கு மேல். அம்மா அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்றார், நின்றோம்.

கிளம்பும் நாளில் காலை பத்து மணிக்கு ரூமைக் காலி செய்துவிட வேண்டும், அதில் தயவுதாட்சண்யம் இல்லை. ஆனால் பெட்டிகளை ரிசெப்ஷன் பின்னால் வைத்துவிட்டு, அதே குடையின் கீழ் சாயங்காலம் வரை இருக்கலாம். கீழ்த்தளத்தில் ஒரு பொது ஷவர் இருக்கிறது, மணலைக் கழுவிக்கொண்டு ரயில் ஏறலாம். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போடுங்கள். காலை ரயிலுக்குப் போட்டால் கட்டிய காசில் ஒரு நாள் கடல் வீண்.