காரைக்குடி, சென்னை, கோவை: மூன்று ஊரில் ஒரே ரெவிட் மாடல்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் வட்டாரத்து நகரத்தார் வீடுகளை அளந்து, மாடலாக்கி, பழுதுபார்க்க வரைபடம் தயாரிப்பது எங்கள் வேலை. அளவெடுப்பவர்கள் காரைக்குடியிலும், கட்டடக் கலைஞர்கள் சென்னையிலும், தாங்குதிறனைக் கணக்கிடும் பொறியாளர்கள் கோவையிலும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே ரெவிட் மாடலில்தான், அதாவது ஆட்டோடெஸ்க்கின் கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில் வரைந்த முப்பரிமாண மாடலில்தான், கை வைக்க வேண்டும். சில ஆண்டுகளாக இப்படித்தான் வேலை நடக்கிறது. இதே நிலையில் திணறும் சிறிய அலுவலகங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தொடக்கத்தில், எல்லோருடைய திருத்தங்களும் வந்து சேரும் மூல மாடலான சென்ட்ரல் மாடல் சென்னை அலுவலகத்து சர்வரில் இருந்தது. காரைக்குடியும் கோவையும் விபிஎன் வழியாக அதைத் திறந்தன. சென்னைக்காரர்களுக்குக் குறை ஏதும் இல்லை. காரைக்குடியில் ஒரு முறை சிங்க் கொடுத்தால், அதாவது தங்கள் திருத்தங்களை மூல மாடலோடு ஒத்திசைத்தால், கால் மணி நேரத்துக்கும் மேல் திரை உறைந்து நிற்கும். நடுவில் மின்சாரமோ இணையமோ போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இணையத்தின் வேகத்தைக் கூட்டச் சொல்லித்தான் எல்லோரும் யோசனை சொல்வார்கள். வேகம் கூடியும் சிங்க் நேரம் பெரிதாகக் குறையவில்லை. அதன் காரணம் புரிந்த பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது. ஒரு கோப்பைத் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து திறக்கும்போது அது ஒரே மூச்சில் வருவதில்லை. கணினி ஒரு துண்டைக் கேட்கும், பதில் வந்ததும் அடுத்ததைக் கேட்கும். ஒரு கேள்வி போய்ப் பதில் வர 30 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பத்தாயிரம் கேள்விகள் வரிசையில் நின்றால், காத்திருப்புக்கு மட்டும் ஐந்து நிமிடம் போய்விடும். எவ்வளவு அகலமான இணைப்பாக இருந்தாலும் இந்த ஐந்து நிமிடம் குறையாது. சென்ட்ரல் மாடலைப் பொதுக் கோப்புறையில் வைத்துப் பகிரும் முறை ஒரே கட்டடத்து நெட்வொர்க்கை நம்பி அமைந்தது. 400 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு அது ஒத்துவராது.

அதனால், பல ஊர் அலுவலகங்கள் ஒரே மாடலில் வேலை செய்வதற்கென்றே உள்ள ரெவிட் சர்வர் மென்பொருளுக்கு மாறினோம். சென்னையில் மூல மாடலை வைத்திருக்கும் ஹோஸ்ட், காரைக்குடியிலும் கோவையிலும் ஊருக்கொரு ஆக்சிலரேட்டர், அதாவது துணை சர்வர். மாடலின் நகல் அந்தந்த ஊர் ஆக்சிலரேட்டரிலேயே இருக்கும். மாறிய பகுதி மட்டும் ஊர் விட்டு ஊர் பயணம் செய்யும். காரைக்குடியில் காலையில் மாடல் திறக்கும் நேரம் முதல் நாளே கண்கூடாகக் குறைந்தது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு மாறுங்கள். ஒரு தூணைத் திருத்த வேண்டுமென்றால் அதற்கான அனுமதி ஒவ்வொரு முறையும் ஹோஸ்டிடமிருந்துதான் வர வேண்டும். இணையம் அறுந்தால் அனுமதியும் அறுந்துவிடும். ஒருவர் திருத்த எடுத்த பகுதியை விடுவிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால் மற்றவர் அதில் கை வைக்க முடியாது; "அண்ணே, முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூண்களை விடுவித்துவிட்டுப் போங்கள்" என்று காரைக்குடியிலிருந்து சென்னைக்கு போன் பறக்கும். வேலை முடித்து எழும்போது சிங்க் செய்து எல்லாவற்றையும் விடுவிப்பது இப்போது அலுவலகக் கட்டளை.

சர்வர் மாற்றம் பாதிக் கிணறுதான். மீதிப் பாதியைத் தாண்ட உதவியது மாடலின் எடையைக் குறைத்ததுதான். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு நாற்பதடி, கல் பத்து அங்குலச் சதுரம். ஒவ்வொரு கல்லையும் தனிப் பொருளாக வரைந்தால் ஒரு தரையிலேயே 1,728 பொருள்கள் சேர்ந்துவிடும். தரையை ஒரே பொருளாக வரைந்து, கல்லின் பூவேலையை மேற்பரப்புப் படமாக ஒட்டினோம். உடைந்து மாற்ற வேண்டிய கற்களுக்கு மட்டும் தனிக் குறியீடு. பழுதுபார்க்கும் ஆளுக்கு வேண்டிய தகவல் ஒன்றும் குறையவில்லை.

இதைவிடக் கனமானது நிலைக்கதவு. கஜலட்சுமியும் கொடியும் செதுக்கிய பர்மா தேக்கு நிலையை ஸ்கேனரில் எடுத்து அப்படியே மாடலுக்குள் கொண்டுவந்தால், லட்சக்கணக்கான முக்கோணங்கள் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த முகப்பைக் காட்டும் காட்சியைத் திறக்கும் போதெல்லாம் கணினி மூச்சு வாங்கும். செதுக்கு வேலையைத் துல்லியமான ஒளிப்படமாகத் தனியே ஆவணப்படுத்தி, மாடலில் நிலையின் அளவையும் மரத்தின் கனத்தையும் மட்டும் வைத்தோம். வளவைச் சுற்றிய தூண்களையும் அந்தந்த இடத்திலேயே வரைந்து நகலெடுப்பதை நிறுத்தினோம். அப்படி எடுக்கும் ஒவ்வொரு நகலையும் மென்பொருள் புதிய வரையறையாகவே சேர்த்துக்கொள்கிறது. ஒரே ஃபேமிலியாக, அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வார்ப்பாக, செய்து வைத்தால் எத்தனை தூண் வந்தாலும் வரையறை ஒன்றுதான்.

அடுத்தது பிரிப்பு. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டியவர்களே பகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதே பகுப்பில் மாடலையும் தனித்தனிக் கோப்புகளாக்கி லிங்க் செய்தோம். இரண்டாங்கட்டு ஓட்டுக்கூரையைப் பார்க்கும் பொறியாளர் முகப்பைத் திறக்கவே வேண்டாம். எனக்கு மிகவும் நிறைவு தந்த மாற்றம் இதுதான். வேகம் கூடியதோடு, யார் எந்தக் கட்டுக்குப் பொறுப்பு என்பதும் தெளிவாகிவிட்டது.

லேசர் ஸ்கேனர் அளந்து தரும் புள்ளிகளின் தொகுப்பான புள்ளித் திரளுக்குத் தனி வழி வேண்டும். ரெவிட் சர்வரில் ரெவிட் மாடல்களை மட்டுமே வைக்க முடியும். ஒரு பெரிய வீட்டின் ஸ்கேன் 100 ஜிபி வந்தால், நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 11 மணி நேரம் ஆகும். அதை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் காரைக்குடியிலிருந்து காலையில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸில் வரும் ஆளிடம் கொடுத்தால் மதியத்துக்குள் எழும்பூரில் இருக்கும். மூன்று ஊரிலும் ஒரே டிரைவ் எழுத்து, ஒரே கோப்புறைப் பெயர் வைத்திருப்பதால் மாடலுக்கும் ஸ்கேனுக்கும் உள்ள லிங்க் அறுவதில்லை.

சில்லறை வேலைகளும் உதவின. வரும் எச்சரிக்கைகளை வாரந்தோறும் தீர்க்கிறோம், பயன்படாத ஃபேமிலிகளைக் களைகிறோம், சென்ட்ரல் கோப்பை அவ்வப்போது சுருக்குகிறோம். மூன்று ஊரும் ஒரே நேரத்தில் சிங்க் கொடுக்காமல் முறை வைத்துக்கொள்கிறோம். காரைக்குடியில் கணினிகளோடு ரூட்டரையும் ஆக்சிலரேட்டரையும் யுபிஎஸ்ஸில் இணைத்தது சிறு செலவு, பெரிய நிம்மதி.

இப்போது காரைக்குடியில் சிங்க் ஓரிரு நிமிடத்தில் முடிகிறது. கால் மணி நேரம் என்பது பழங்கதை.

ரெவிட் சர்வரை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் கையோடு இருக்க வேண்டும். ரெவிட்டின் எந்தப் பதிப்போ அதே பதிப்பு சர்வரும் வேண்டும்; அதனால் பதிப்பு மாற்றத்தை ஒரு வீடு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் செய்கிறோம். பராமரிக்க ஆள் இல்லாத அலுவலகம், ஆளுக்கொரு சந்தா கட்டி ஆட்டோடெஸ்க் கிளவுடுக்கே போய்விடலாம். அங்கேயும் ஆத்தங்குடிக் கல்லைத் தனித்தனியாக வரைந்தால் மாடல் கனக்கத்தான் செய்யும். தேவகோட்டையில் அடுத்து எடுக்கும் வீட்டின் இரண்டாங்கட்டை மட்டும் கிளவுடில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். மற்ற கட்டுகள் இப்போதுள்ள ஏற்பாட்டிலேயே தொடரும்.