பத்து மடங்கு கை லென்ஸ்: மலைக்காட்டு வயோலாக்களுடன் ஒரு பருவம்

மரநிழலில் விரலுயரமே வளர்ந்து, ஆண்டுதோறும் மண்ணுக்கடியில் கிடையாகப் படரும் அதே மட்டநிலத்தண்டிலிருந்து துளிர்த்துப் பூக்கும் வயோலா (Viola) என்னும் மலைக்காட்டுச் சிறுசெடிகளை இனம் காண்பதற்காகவே இந்த மடக்கு லென்ஸை வாங்கினேன். 500-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட இப்பேரினத்தில் நிறத்தை நம்பிப் பெயர் சொல்பவர் ஏமாறவே வாய்ப்பு அதிகம். ஒரே இனத்தில் ஊதாப் பூவும் வெள்ளைப் பூவும் உண்டு. இதற்குமுன் இரண்டு பருவங்கள் நான் பயன்படுத்திய கைபேசிச் செயலி ஒன்று, வயோலா என்பதைத் தவறாமல் சொல்லிவிட்டு, இனப்பெயரைப் படத்துக்குப் படம் மாற்றிக்கொண்டே இருந்தது. செயலியைக் குறை சொல்வதற்கில்லை. நான் எடுத்த படங்களில் பூவின் முகம் இருந்ததே தவிர அடையாளங்கள் இல்லை.

பூக்காம்பு தரையிலிருந்து நேராக எழுகிறதா, இலையுள்ள தண்டிலிருந்து கிளைக்கிறதா என்ற முதல் கேள்விக்கு வெறுங்கண்ணே போதும். அதற்குப் பிறகுதான் லென்ஸின் வேலை தொடங்குகிறது. இலைக்காம்பின் அடியிலுள்ள இலையடிச்செதிலின் விளிம்பு மழமழப்பானதா, பல்போன்றதா, நூல்நூலாகப் பிரிந்ததா என்பது தெளிவாகத் தெரிகிறது. பூவின் பின்புறம், கீழிதழ் பைபோல நீண்டு தேனைத் தாங்கும் பகுதியின் நீளமும் வடிவமும் கணக்கில் சேர்கின்றன. என்னை அதிகம் வியக்க வைத்தது பக்க இதழ்களின் உட்புறமுள்ள மயிர்க்கற்றைதான்: சில இனங்களில் அது மெல்லிய நூலாகவும், வேறு சிலவற்றில் குண்டூசித் தலைபோல நுனி தடித்தும் இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கண்ட அன்று, அதுவரை ஒரே பெயரில் குறித்துவைத்திருந்த இரண்டு செடிகளைப் பிரித்தெழுத வேண்டியதாயிற்று.

மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லென்ஸ் என்பதால் விளிம்பில் நிறக்கோடுகள் படிவதில்லை. குவியத்தொலைவு, அதாவது பொருள் தெளிவாகத் தெரிய லென்ஸிலிருந்து இருக்க வேண்டிய தூரம், 2.5 செ.மீ. மட்டுமே, ஆகவே லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துத் தலையைப் பூவிடம் கொண்டுபோக வேண்டும். பூவைப் பறிக்காமல் பார்ப்பதென்றால் சருகின்மேல் குப்புறப் படுப்பதைத் தவிர வழியில்லை. செய்தித்தாள் படிப்பதுபோல எட்டப் பிடித்துக்கொண்டு முதல் வாரம் முழுவதும் லென்ஸைத் திட்டியவன் நான்.

கூடுதல் மடங்கு கூடுதல் பயன் தரும் என்று எண்ண வேண்டாம். "30 மடங்கு" என்று பொறித்த, 21 மி.மீ. அகலமுள்ள மலிவான லென்ஸ் ஒன்றை முன்பு வாங்கியிருந்தேன். வெறுங்கண் வசதியாகப் பார்க்கும் தூரமாகக் கொள்ளும் 250 மி.மீ.-ஐக் குவியத்தொலைவால் வகுத்தால் மடங்கு கிடைத்துவிடும். உண்மையான 30 மடங்குக்குப் பூவை 8 மி.மீ. அருகில் வைத்தாக வேண்டும். அந்த லென்ஸோ 2 செ.மீ.-க்கும் அப்பால்தான் தெளிவு காட்டியது; அப்படியானால் அது 13 மடங்கைக்கூட எட்டவில்லை.

இப்போதைய லென்ஸிலும் குறைகள் உண்டு. மடக்கும் இடத்திலுள்ள திருகு ஒரே மாதத்தில் தளர்ந்துவிட்டது. உறையின் கறுப்பு நிறமோ சருகுக்குள் விழுந்தால் கண்ணில் படுவதே இல்லை. ஒருமுறை அரைமணி நேரம் துழாவிய பிறகு, சிவப்புக் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.