மினாக்ஸிடில் 5 சதவீதம்: திரவமா, நுரையா?

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: வழுக்கைக்கான மருந்தாகிய மினாக்ஸிடிலைப் பல ஆண்டுகளாகத் தலையில் தடவிவருகிறேன், இனியும் தடவுவேன். ஆனால் விளம்பரங்களில் காட்டும் அடர்ந்த முடியை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இருக்கும் முடியைக் காப்பதுதான் இந்த மருந்தின் முதல் வேலை. என் உச்சந்தலையில் பூனைமுடியாக மெலிந்துபோனவை மறுபடியும் தடித்தன. நெற்றியின் இரு மூலைகளிலும் எதுவும் முளைக்கவில்லை. அவை எப்போதோ வழவழப்பாகிவிட்ட இடங்கள்.

முதலில் வாங்கியது திரவம். காலையில் 1 மில்லி, இரவில் 1 மில்லி. டிராப்பரால் அளந்து, முடியில் படாமல் தோலில் விட வேண்டும். மருந்தில் குறையில்லை, அதைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால்தான் என்னைப் படுத்தியது. சில வாரங்களிலேயே அரிப்பு, பொடுகைப் போல உதிரும் தோல், காயவே காயாத பிசுபிசுப்பு. பலர் பாதியில் கைவிடுவதற்கு இந்த எரிச்சல் ஒன்றே போதும். அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற நுரை வடிவத்தில் அந்தப் பொருள் இல்லை. நுரைக்கு மாறியதும் அரிப்பு நின்றது. கைச்சூட்டில் அது சட்டென்று உருகிவிடும் என்பதால், விரல்களைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். அரை மூடி அளவு போதும். படுப்பதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னதாகத் தடவிவிடுங்கள். ஈரத்தோடு தலையணையில் சாய்ந்தால் மருந்து முகத்தில் ஒட்டி, வேண்டாத இடத்தில் முடி வளரக்கூடும். என் ஓட்டு நுரைக்கே. தோல் தாங்குமானால் திரவத்திலும் பலன் கிடைக்கும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பெட்டிக்குள் இருந்த தாளைப் பார்த்துத்தான். தொடங்கிய சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டும். ஓய்வில் இருக்கும் பழைய முடிகளைத் தள்ளிவிட்டு மயிர்க்கால்கள் புது வளர்ச்சியைத் தொடங்குவதால் வரும் உதிர்வு அது; தானாகவே அடங்கிவிடும். இந்த ஒரு செய்தியைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போட வேண்டாமா? கண்ணுக்கே எட்டாத பொடி எழுத்தில் புதைத்துவைத்திருந்தார்கள். வாஷ்பேசினில் கொத்துக்கொத்தாக முடியைப் பார்க்கிற இருபத்தைந்து வயது இளைஞன் பயந்துபோய் மருந்தை வீசிவிடுவான். மாற்றம் தெரியவே நான்கு மாதங்கள் ஆகலாம். முழுப் பலனை எடைபோட ஓராண்டு தேவை. நிறுத்தினாலோ, காத்துவைத்ததெல்லாம் சில மாதங்களில் போய்விடும். வாழ்நாள் முழுதும் தொடர மனமில்லாதவர்கள் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இது முதலில் ரத்த அழுத்த மாத்திரையாகப் பயன்பட்டது. அதை விழுங்கிய நோயாளிகளின் உடலில் முடி வளர்வதைக் கண்ட பிறகுதான் தலைக்கான மருந்தாக்கினார்கள். 2 சதவீதத் திரவம் 1988இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து என்பதால், இதய நோய் உள்ளவர்களும் ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. படபடப்போ, தலைச்சுற்றலோ, கால் வீக்கமோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

மினாக்ஸிடில் வழுக்கையின் வேரைத் தொடுவதில்லை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோன்தான், பரம்பரையாக அதனால் எளிதில் பாதிக்கப்படும் மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. அந்த ஹார்மோனைக் குறைப்பது ஃபினாஸ்டிரைடு என்ற மாத்திரை. 1992இல் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்து அதையும் சாப்பிடுகிறேன். இரண்டும் சேரும்போது பிடிமானம் கூடுகிறது என்பது என் அனுபவம். ஃபினாஸ்டிரைடால் சிலருக்குப் பாலுணர்வு குறையலாம், விறைப்புத்தன்மை பாதிக்கப்படலாம், மனச்சோர்வும் வரலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேசுங்கள். புராஸ்டேட் சோதனையான பிஎஸ்ஏ அளவை இந்த மாத்திரை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்காட்டும்; ரத்தம் கொடுக்கும்போது சொல்லத் தவறாதீர்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உடலில் அந்தச் சத்துக் குறைவு இருந்தால் தவிர இந்த வழுக்கைக்கு அதனால் பயனில்லை. முடி நடும் அறுவைச் சிகிச்சை நல்ல வழிதான், ஆனால் அது புது முடியை உண்டாக்குவதில்லை. பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் வைக்கிறது. மருந்து இல்லாவிட்டால் நட்டது நிற்கும், சுற்றியுள்ளது போய்க்கொண்டே இருக்கும். வட்டவட்டமாகத் திடீரென்று கொட்டினால் அது வேறு நோய். இந்தப் பெட்டியை வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மினாக்ஸிடில் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. சிறிதளவே உயிரைப் பறித்துவிடும். நான் வாங்கிய பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தலை காயும்வரை பூனையை மடியில் ஏற்றாதீர்கள், உங்கள் தலையணையில் அதைப் படுக்க விடாதீர்கள்.