பெங்களூரு இந்திராநகரில் ஒரு தாய்லாந்து விருந்து: அத்தையையும் அழைத்துப் போகலாம்

அத்தை சுத்த சைவம். மாமாவுக்கு மீன், இறால் இல்லாமல் சாப்பாடு இறங்காது. இப்படி ஒரு குடும்பத்தோடு தாய்லாந்து உணவகத்துக்குப் போனால் முதலில் கேட்க வேண்டியது, கறி விழுதில் இறால் இருக்கிறதா என்பதைத்தான். வழக்கமான பச்சை, சிவப்பு விழுதுகளில் இறால் விழுது சேரும். பப்பாளிக்காய் சாலட்டில்கூட மீன் சாஸ் ஊற்றுவார்கள். மெனுவில் வெறும் காய்கறிப் பெயர்களைப் பார்த்து நம்பிவிடக் கூடாது.

100 அடி சாலையை ஒட்டிய இந்தச் சின்ன உணவகத்தில், நான் கேட்டதும் சமையல்காரரே வந்து பேசினார். சைவ விழுதைத் தனியாக அரைக்கிறார்களாம். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். அதற்கே என் முழு மதிப்பெண்.

பச்சைக் கறி பிரமாதம். எலுமிச்சைப்புல், பேரரத்தை வாசம் முதலில் வருகிறது, காரம் மெதுவாகப் பின்னால் ஏறுகிறது. மஸமன் கறியில் பட்டை, ஏலக்காய், உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் உண்டு. “நம்ம குருமாவுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கே” என்று அத்தை இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். மாமா டாம் யம் இறால் சூப்பைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்!

பேட் தாய் நூடுல்ஸில் மட்டும் இனிப்பு தூக்கல், புளி போதவில்லை. நல்ல மாம்பழம் வரவில்லை என்று சொல்லி மாம்பழ ஒட்டரிசி என்ற இனிப்பைத் தர மறுத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

சனிக்கிழமை இரவென்றால் முன்கூட்டியே மேசை சொல்லிவிடுங்கள்.