நாமே போட்ட வாசல் கான்கிரீட்: காருக்குச் சரி, கோலத்துக்கு?

கொடுங்கையூரில் இருக்கும் நண்பன், வாசலுக்குக் கான்கிரீட் போட மேஸ்திரி சொன்ன தொகையைக் கேட்டு மிரண்டுபோய் போன் பண்ணினான். "நீயேதானே போட்டே, இன்னும் தாங்குதா?" பதில் நீண்டுகொண்டே போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் வீடு சென்னை மணலி பக்கம் மாத்தூரில். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை பத்துக்குப் பன்னிரண்டு அடி, நாலு இன்ச் கனம். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்ற கலவை. இந்த அளவுக்கு ஏழெட்டு மூட்டை சிமெண்ட், 18 கன அடி எம்-சாண்ட், 36 கன அடி முக்கால் ஜல்லி பிடிக்கும். அடியில் கொட்ட ரப்பீஸ், தெருக்கோடியில் இடித்துக்கொண்டிருந்த வீட்டில் சும்மாவே கிடைத்தது. மிஷின் வாடகையும் வேண்டாமென்று மச்சானும் நானும் மம்பட்டியாலேயே கலந்தோம். மேஸ்திரி கேட்டதில் பாதிக்கும் கீழே முடிந்தது. முதுகுக்குத் தேய்த்த தைலத்தை இதில் சேர்க்கவில்லை.

தாங்குகிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வாசல் முழுக்கத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், பேவர் பிளாக் பதித்த சில வீடுகளில் அடிமணல் அரித்துப்போய்க் கல்லெல்லாம் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. எங்கள் வாசலில் சேறு மட்டும்தான். நடுவில் ஒரு இன்ச் ஆழத்துக்கு வெட்டு விட்டிருந்தோம். சுருங்கும்போது வந்த விரிசலும் ஒழுங்காக அந்த வெட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது.

கம்பி ஏன் போடவில்லை என்று பலர் கேட்டுவிட்டார்கள். இந்தப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது அந்த உப்பில் இருக்கும் குளோரைடு. கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குளோரைடு வரை, கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதிப் புத்தகம் அனுமதிக்கிறது. கம்பி இருந்தால் 500தான். கார் நிற்கிற தளத்துக்கு, நல்லா இறுக்கின அடித்தளம் இருந்தால் கம்பி இல்லாமலே ஓடும். துருப்பிடித்து வெடிக்கிற கவலையும் இல்லை. கலக்குவதற்கு மட்டும் லாரித் தண்ணீர் வாங்கினோம். மேலே கோணிச் சாக்கு போட்டு நனைத்தது போர் தண்ணீரில்தான். சாம்பல் மாதிரிப் பொருள் கலந்து வருகிற பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது.

இதுவரை பாராட்டு. இனி துடைப்பம்.

மேலே மினுங்கும் தண்ணீர் வற்றியதும், கான்கிரீட் இறுகுவதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே இழுத்துக் கோடு விட வேண்டும். வண்டி போகிற திசைக்குக் குறுக்கே கோடு இருந்தால்தான் டயருக்குப் பிடிப்பு. அது அப்படியே வேலை செய்கிறது. அடைமழையிலும் என் ஸ்கூட்டர் இங்கே சறுக்கியதே கிடையாது. டைல்ஸ் பதித்த எதிர்வீட்டில் மழைக்காலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

ஆனால் தண்ணீர் வடிய, தெருவைப் பார்த்துப் பன்னிரண்டு அடிக்கு மூன்று இன்ச் சரிவு விட்டிருக்கிறோம். சரிவுக்குக் குறுக்கே கோடு ஓடினால் ஒவ்வொரு கோடும் ஒரு குட்டி வரப்பு. வருகிற அழுக்கையெல்லாம் நிறுத்தி வைத்துக்கொள்ளும். மணலிச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்புகிற கறுப்புத் தூசு பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ் பைப்பில் அடித்தால் மேலே இருப்பது போகும், கோட்டுக்குள் இருப்பது போகாது. ஐப்பசி, கார்த்திகையில் பாசி வேறு. பிளீச்சிங் பவுடர் தூவி, குனிந்து தேய்க்க வேண்டும். அந்தக் குனிகிற வேலை யார் தலையில் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அம்மாதான் பொறுத்துக்கொள்வதாக இல்லை. "கோலம் போடுற வாசலாடா இது? அம்மியைக் கொத்தி வெச்ச மாதிரி இருக்கு." புள்ளி வைக்கும் வரை பிரச்சினை இல்லை. சிக்குக் கோலத்தில் இழையை வளைத்துக்கொண்டு வரும்போது மாவு கோட்டுக்குள் விழுந்து, இழை துண்டு துண்டாகத் தெரிகிறது. மார்கழி முழுக்க இதே பேச்சுதான். மேலே சிமெண்ட் பால் பூசினால் சரியாகிவிடும் என்று ஒரு மேஸ்திரி பூசிக் கொடுத்தார். டயர் பட்ட இடமெல்லாம் அது தோலாக உரிந்து வந்தது. இறுகிப்போன கான்கிரீட்டின் மேல் காகித கனத்துக்கு எதைப் பூசினாலும் அந்தக் கதிதான்.

கேட் ஓரம் மட்டும் மூன்றடிக்குக் கரணையால் மொழுக்கி விட்டிருக்கலாமே என்று நண்பன் கேட்டான். தெருவில் இருந்து வண்டியைத் திருப்பி ஏற்றுவதே அந்த மூன்றடியில்தான். பிடிப்பு வேண்டிய இடமும் கோலம் வேண்டிய இடமும் ஒன்றே. எந்த ஐ.எஸ். புத்தகத்தைத் திறந்தாலும் இதற்கு வழி கிடையாது.

சரி, மறுபடி போட்டால் எப்படிப் போடுவேன்? நேற்று தூறல் போட்டு, இன்று காலை அம்மா மறுபடி ஆரம்பித்த கடுப்பில் சொல்கிறேன்: முழுசையும் மொழுமொழுவென்று இழைத்துவிடுவேன். வழுக்கினால் வழுக்கட்டும்.

நண்பனுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஜல்லி இறக்குவதற்கு முன்னால் வீட்டில் கோலம் போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேள். கேட்டுக்கு வெளியே, மழைநீர் வடிகால் மேலே நீட்டாதே. மாநகராட்சி இடித்தால் கேட்க முடியாது. மட்டப்பலகையும் திமிசுக்கட்டையும் என்னிடம் சும்மாதான் கிடக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ.