விலை கூடிய பெல்லட் வாங்கலாமா? லெனேசியா வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

ஆடி மாதத்தைத் தமிழ்நாடு காற்றால் அறியும்; தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்கை ஒட்டியிருக்கும் எங்கள் லெனேசியா உறைபனியால் அறியும். விடியும்போது புல்வெளி சுண்ணாம்பு தெளித்ததுபோல் கிடக்கும். கோயிலில் கூழ் காய்ச்சுகிறவர்கள் அண்டாவை விட்டு நகர மாட்டார்கள். அந்த விறகடுப்புக்குப் பக்கத்தில்தான் கை விரல் மடங்கும். ஜோஹானஸ்பர்க் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2023 ஜூலை 10 அன்று இங்கே பனிமழையே பெய்தது. 2012-க்குப் பிறகு நாங்கள் அதைப் பார்த்தது அப்போதுதான். வீடுகளோ வெயிலை மட்டும் நினைத்துக் கட்டியவை. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், வெறும் கூரை, குளிர்ந்த தரை.

அம்மாவுக்கு எழுபது தாண்டியபோது, அறையைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பு ஒன்று வாங்கி முன்னறையில் வைத்தோம். இந்த அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே ஒரு தொட்டி இருக்கும்; அதில் பெல்லட்டைக் கொட்ட வேண்டும். உள்ளே ஒரு திருகுத்தண்டு சுழன்று, அதைச் சிறிது சிறிதாகத் தள்ளி, உள்ளங்கை அகல எரிகிண்ணத்தில் போடும். விசிறி கீழிருந்து காற்று ஊதும். பெல்லட் என்பது வேறொன்றுமில்லை, உலர்ந்த மரத்தூளைத் துளையிட்ட இரும்பு அச்சில் அழுத்தி எடுத்த சிறு குச்சி. பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தடிமன். பசை வேண்டியதில்லை. அழுத்தும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் இளகி, ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்கிறது.

ஒவ்வொரு மே மாதமும் கடையில் அதே கேள்வி. ஒரு பக்கம் மலிவான பைகள், இன்னொரு பக்கம் மூன்றில் ஒரு பங்கு விலை கூடிய பைகள். இரண்டிலும் 15 கிலோ. இரண்டிலும் பைன் மரப் படம். முதல் இரண்டு குளிர்காலம் மலிவானதையே வாங்கினேன். இரண்டாவது ஆண்டு ஜூலையில் ஓர் இரவு, மூன்று மணிக்கு அம்மா எழுப்பினார்: "தம்பி, அடுப்பு கண்ணை மூடிக்கொண்டது. அறை சில்லிட்டுப் போயிருக்கிறது." கதவைத் திறந்து பார்த்தேன். எரிகிண்ணத்தின் அடியில், கொல்லன் உலையில் கிடக்குமே, அதுபோல ஒரு கிட்டம். கறுத்து, கண்ணாடிபோல் மினுங்கி, கிண்ணத்தின் காற்றுத் துளைகளில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பினால் அசையவில்லை. உளியால் தட்டித்தான் எடுத்தேன். அதுவரை அம்மா இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த இரவுக்குப் பிறகுதான் இந்த இரண்டு பைகளையும் ஒழுங்காக அளந்து பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் எல்லாரும் கேட்பது சூடு. விலை கூடினால் சூடு கூடுமா? கூடும், ஆனால் நினைப்பதைவிட மிகக் குறைவு. உலர்ந்த பைன் எந்தப் பையில் இருந்தாலும் உலர்ந்த பைன்தான். சூட்டை மாற்றுவது முக்கியமாக ஈரம். ஈரம் 6 சதவீதமாக இருந்தால் ஒரு கிலோவிலிருந்து ஏறக்குறைய 4.9 யூனிட் வெப்பம் கிடைக்கும். 10 சதவீதமென்றால் 4.7 யூனிட். மின்சார மீட்டரில் நாம் வாங்கும் அதே யூனிட்தான். அடுப்பின் திறனை 85 சதவீதம் என்று வைத்தால், நல்ல பை அறைக்குக் கொடுப்பது ஏறக்குறைய 62 யூனிட், சுமாரான பை 60. சாம்பல் கூடுதலாக இருப்பதால் சுமாரான பை இன்னும் அரை யூனிட் இழக்கலாம். அவ்வளவுதான். பேச்சுக்கு மலிவுப் பை 100 ரேண்ட் என்றால், சூட்டுக்காக மட்டும் நல்ல பைக்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய விலை 105, 106 ரேண்ட். 130 ரேண்ட் கேட்கிறார்கள் என்றால் மீதி 24 ரேண்ட் வேறு எதற்கோ போகிறது. "இதில் சூடு இரட்டிப்பு" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

(இந்த 60 யூனிட் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பையின் விலையை 60-ஆல் வகுத்து, நீங்கள் முன்பணம் கட்டி வாங்கும் மின்சார யூனிட் விலையோடு ஒப்பிட்டால், பெல்லட் அடுப்பே உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பலர் அடுப்பை வாங்கிய பிறகுதான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.)

அந்த 24 ரேண்ட் போகுமிடம் சாம்பல். இங்கேதான் இரண்டு பைகளும் உண்மையில் பிரிகின்றன. ஐரோப்பாவில் இஎன்பிளஸ் என்ற தர முத்திரை இருக்கிறது. அதில் ஏ1 தரத்துக்குச் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஏ2-க்கு 1.2, பி தரத்துக்கு 2. ஈர வரம்பு மூன்றுக்கும் ஒன்றே, 10 சதவீதம். குறைந்தபட்ச வெப்பமும் மூன்றுக்கும் ஒன்றே, கிலோவுக்கு 4.6 யூனிட். தரம் பிரித்தவர்களே சூட்டை வைத்துப் பிரிக்கவில்லை. சாம்பலை வைத்தே பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் அப்படியே: அங்கே 'பிரீமியம்' என்ற பெயருக்கு 1 சதவீதச் சாம்பல் வரம்பு, 'ஸ்டாண்டர்ட்' என்பதற்கு 2.

சதவீதமாகப் பார்த்தால் 0.7-க்கும் 2-க்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஒரு டன் எரித்துப் பாருங்கள்: ஒன்றில் 7 கிலோ சாம்பல், இன்னொன்றில் 20 கிலோ. அள்ளிக் கொட்டுவது நீங்கள். அதைவிட முக்கியம் அந்தச் சாம்பல் எப்படிப்பட்டது என்பது. பட்டை உரித்த தண்டு மரத்தின் சாம்பல் மாவுபோல் பறந்துவிடும். பட்டையும் கிளையும் மண்ணும் சேர்ந்து அரைக்கப்பட்டால் பொட்டாசியமும் மணலும் உள்ளே வந்துவிடும். இரண்டும் சூட்டில் கலந்தால் என்ன ஆகும் என்பது கண்ணாடி செய்கிறவர்களுக்குத் தெரியும்: குறைந்த வெப்பத்திலேயே உருகிக் குழம்பாகும். எரிகிண்ணத்தில் உருகி, ஆறி, இறுகுகிறது. அதுதான் நான் உளியால் தட்டிய கிட்டம். ஏ1 தரத்தில் சாம்பல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை இளகக் கூடாது என்று விதியே இருக்கிறது, ஏ2-க்கு 1,100.

மலிவுப் பை எரித்த ஆண்டுகளில் தினமும் காலை எரிகிண்ணத்தைச் சுரண்டினேன். கதவுக் கண்ணாடி இரண்டு நாளில் கறுத்துவிடும். இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டிக் கொட்டினால் போதும். காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் அந்தப் பத்து நிமிடம் சிறிய விஷயமல்ல. அம்மா தனியாக இருக்கும் பகலில், அடுப்பு தானாக நின்றுவிடாது என்ற நிம்மதிக்கு நான் விலை போட மாட்டேன்.

அடுத்தது தூள். பையின் அடியில் சேரும் மரத்தூள் திருகுத்தண்டில் அப்பிக்கொள்ளும், தொட்டியின் மூலையில் கட்டிக்கொள்ளும், ஒரே சமயத்தில் கொட்டி நெருப்பை மூச்சுத் திணற வைக்கும். இஎன்பிளஸ் பையில் 3.15 மில்லிமீட்டருக்குக் குறைந்த தூள் அரை சதவீதத்தை மீறக் கூடாது. 15 கிலோவுக்கு 75 கிராம், அதாவது கைப்பிடியளவு. நான் இரண்டு பைகளையும் அரிசி சலிக்கும் பெரிய கண் சல்லடையில் சலித்தேன். நல்ல பையில் ஒரு தம்ளர் கூட நிரம்பவில்லை. மலிவுப் பையில் அரைப் படிக்கு மேல். அந்தத் தூளுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்: இந்தத் தவறு ஆலையில் மட்டும் நடப்பதில்லை. லாரியிலிருந்து பையை வீசி எறிகிற கடையில் வாங்கினால் உயர்ந்த தரமும் தூளாகிவிடும். சலிப்பதற்குப் பத்து நிமிடம் செலவிடத் தயாரென்றால், மலிவுப் பையின் இந்தக் குறையை வீட்டிலேயே நீக்கிவிடலாம். சாம்பல் குறையைச் சல்லடை நீக்காது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் மனைவியின் அண்ணனுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. புனித வெள்ளியன்று அங்கே நடக்கும் தீமிதிக்கு விறகு அடுக்கிப் பழகியவர். "மாப்பிள்ளை, பைன் ஒரு விறகா? வாட்டில் கட்டை போட்டால்தானே தணல் நிற்கும். விலை கூடியது என்றால் வன்மரமாக இருக்க வேண்டாமா?" என்றார். விறகைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. வாட்டில் என்பது வேல மர வகை; அதன் கட்டை கனம், பைன் இலேசு. ஒரே அளவுக் கட்டையில் வாட்டிலில் மரம் அதிகம். பெல்லட்டில் அந்த வேறுபாடு அச்சுக்குள்ளேயே போய்விடுகிறது, எந்த மரமானாலும் ஒரே இறுக்கத்துக்கு அழுத்திவிடுகிறார்கள். பிறகு கிலோவுக்குக் கிலோ பார்த்தால், பிசினும் லிக்னினும் கூடுதலாக இருப்பதால் பைன்தான் ஒரு சிட்டிகை முந்துகிறது. பைன் புகைக்கும் என்ற பயமும் ஈர விறகிலிருந்து வந்தது. விசிறி ஊதும் கிண்ணத்தில் பிசின் முழுதாக எரிந்துவிடும். ஆகவே 'வன்மரம்' என்று எழுதி விலை ஏற்றிய பைக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஆனால் மச்சான் சொன்ன இன்னொன்றை அப்படியே ஏற்கிறேன்: தீக்குழிக்கு ஆணி அடித்த பலகையும் சாயம் பூசியதும் சேர்க்க மாட்டார்கள். பெல்லட்டுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். இந்த நாட்டில் வேலிக் கம்பங்களைச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்தில் ஊற வைப்பார்கள். பச்சை பாய்ந்த அந்தக் கம்பத்தின் துண்டு எரிந்தால் ஆர்செனிக் சாம்பலில் தங்கும். எங்கள் வீட்டுச் சாம்பலில் ஒரு கைப்பிடி திண்ணையிலிருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிறது. எந்த மரத்திலிருந்து செய்தது என்று எழுதாத பையின் சாம்பலை நான் அதில் போட மாட்டேன்.

பையில் என்ன பார்க்க வேண்டும்? 'பிரீமியம்' என்ற சொல்லை அல்ல. தர முத்திரை இல்லாத பையில் அது யார் வேண்டுமானாலும் அச்சிடக்கூடிய சொல். சாம்பல் சதவீதம், ஈரம், மூலமரம், இந்த மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்தால் அதோடு நாட்டுக் குறியும் எண்ணும் இருக்க வேண்டும். பிறகு ஒரு குச்சியை ஒடியுங்கள்: நல்லது பளபளப்பாக இருக்கும், 'டக்' என்று ஒடியும், ஈரம் ஏறியது நசுங்கும். ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால் நன்றாக அழுத்தியது உடனே மூழ்கும். கரும்புச் சக்கை பெல்லட் எங்காவது கிடைத்தால், அதற்கென்று செய்த அடுப்பு இல்லாதவர்கள் தொடவே வேண்டாம். மரத்தைவிடப் பல மடங்கு சாம்பல்.

உயர்ந்த பைக்கும் மலிவுப் பைக்கும் நடுவே ஒரு வகை உண்டு. விளம்பரம் இல்லாமல், சாம்பல் 1 சதவீதம் அளவில், எண்களை நேர்மையாக அச்சிட்டு விற்பது. கிண்ணம் பெரிதாக இருந்து, தானே சாம்பலைத் தள்ளும் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும்; ஏ1 விலை கொடுப்பது வீண். எங்களுடையதுபோல் சிறிய கிண்ண அடுப்புக்கு அது பகலில் சரி, இரவு முழுதும் ஓட விடத் தயக்கமாக இருக்கிறது.

மின்வெட்டு நாட்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2023-இல், நாளில் பல மணிநேரம் மின்சாரம் நிற்கும் ஆறாம் கட்ட மின்வெட்டு ஓடியபோது அடுப்பை இன்வர்ட்டரில்தான் ஓட்டினோம். ஓடும்போது அது ஒரு பழைய குண்டு பல்பு அளவே மின்சாரம் கேட்கும். பற்ற வைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் 300 வாட் அளவில் இழுக்கும். கிட்டம் அடைத்துப் பற்ற மறுத்தால் மறுபடி முயலும், மறுபடி இழுக்கும். பேட்டரி அங்கேயே தீரும்.

டர்பன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை ஈரத்தில் பையைக் கராஜ் தரையில் அடுக்கினால் எந்தத் தரமும் இரண்டு மாதத்தில் ஊதிவிடும். எங்கள் மேட்டுநிலத்தில் குளிர்காலம் வறண்டது, பயமில்லை. ஆனால் மீந்த பை கோடை மழையைத் தாண்டி அடுத்த மே வரை இருக்க வேண்டுமென்றால் பலகை மேல், சுவரைத் தொடாமல், பிளாஸ்டிக் கிழியாமல் வைக்க வேண்டும். டர்பன் பக்கம் ஆண்டுக்கு ஐந்தாறு பை மட்டும் எரிக்கிறவர்கள் மலிவானதைச் சலித்து எரிக்கலாம், தவறில்லை.

எங்கள் வீட்டில் இந்த ஆண்டு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை இரவுக்கு ஏ1. மே, செப்டம்பர் மாதங்களில் மாலை இரண்டு மணிநேரத்துக்கு நடுத்தரப் பை. புதுச் சரக்கு எதுவானாலும் முதலில் ஒரே ஒரு பை. அதை மூன்று இரவு எரித்து, எரிகிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டுவேன். மாவாக உதிர்ந்தால் மீதிப் பைகளுக்கு ஆர்டர் சொல்வேன். கட்டியாக விழுந்தால் அந்தக் கட்டியைக் காகிதத்தில் பொதிந்து கடைக்கே எடுத்துப் போவேன்.